ஆளாளுக்குக் கை வைத்த பத்திரிகைகள்

கல்யாணத்தில் முதல் சண்டை பந்தியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் யாரும் அச்சகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அது பத்திரிகை அடிக்கும்போதே வந்துவிடும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. வருகிறவர்களுக்கு நான் ‘டிசைன் பண்ற செல்வியக்கா’. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லா மேட்டரும் என் கை வழியாகத்தான் போகும். ஒரு குடும்பத்துக்கே பொதுவாக ஒரு டாக்குமென்டைத் திறந்துவிட்டு, அதில் ஆளாளுக்கு எழுதி அழிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதைப் படிக்கும்போது என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுவீர்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

லாரி ஹாரனுக்கு நடுவில் ஒரு பெயர்

முன்னெல்லாம் திருத்தம் வாட்ஸப்பில் வரும். புரூஃப் தாளில் பேனாவால் சுழித்து, அதைச் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புவார்கள். இல்லையென்றால் வாய்ஸ் மெசேஜ். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பெண்ணின் மாமா ஒருவர் அப்படித்தான் அனுப்பியிருந்தார். பின்னால் லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிற சத்தம், ஹாரன், யாரோ யாரையோ திட்டுகிற குரல். “பொண்ணு பேரு தப்பா இருக்குதுங்க, அது…” அப்புறம் ஹாரன். அதற்கப்புறம் காதில் விழுந்தது ‘சுமித்ரா’. திரும்பக் கூப்பிட்டு, “சுமித்ராவா?” என்று கேட்டேன். “ஆமாங்க ஆமாங்க, அதேதானுங்க” என்று வைத்துவிட்டார்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த அன்றைக்கு மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். முகம் கறுத்திருந்தது. சுமித்ரா என்பது பெண்ணின் அக்கா பெயர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். “எம் பையனுக்கு யாரைக் கட்டி வைக்கப் பாக்குறீங்க?” என்று அவர் கேட்டபோது கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குள் அக்காளின் புருஷன் வீட்டுக்கும் ஒரு பத்திரிகை போயிருந்தது. அந்த மாமாவைப் போனில் பிடித்தால், “நான் சுபத்ரான்னுதானுங்க சொன்னேன்” என்று சாதித்தார்.

மறுபடி அடித்துக் கொடுத்து அனுப்பிய பிறகு எங்கள் முதலாளி கமால் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆன்லைனில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதுகிற மாதிரி டாக்குமென்ட் இருக்கிறது, லிங்க் அனுப்பினால் போதும், அவரவர் போனிலேயே திருத்திக்கொள்வார்கள் என்று நான் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது அவர் காதில் ஏறியது. “அல்லாவே, அவங்க பேர அவங்களே எழுதிக்கட்டும்மா. நம்ம கை அதுல படவே வேணாம்.”

மேலே ஏறிய சித்தப்பா

பத்திரிகையில் பெயர்களுக்கு இரண்டு இடம் உண்டு. ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பது மேல் இடம். பெற்றவர்கள் அங்கே இருப்பார்கள். ‘அவ்வண்ணமே கோரும்’ என்பது கீழ் இடம். சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் அங்கே. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு விரற்கடை. அதில் எத்தனை குடும்பம் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்து வந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு திண்டுக்கல், பெண் வீடு ஒட்டன்சத்திரம். இரண்டு வீட்டுக்கும் லிங்க் அனுப்பிவிட்டு டாக்குமென்டைத் திறந்து வைத்திருந்தேன். யார் உள்ளே வந்தாலும் அவர் பெயரோடு ஒரு கலர் கோடு துடிக்கும். ‘ராஜாங்கம்’ என்று ஒரு பச்சைக் கோடு வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா. கீழே இருந்த தன் பெயரை எடுத்து மேலே, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கும் முன்னால் வைத்தார். பிறகு ‘தங்கவேல்’ என்று ஒரு சிவப்புக் கோடு வந்தது. அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. ராஜாங்கத்தின் பெயர் எழுத்தெழுத்தாகப் பின்னாலிருந்து அழிந்துகொண்டே வந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பச்சைக் கோடு மட்டும் வெறும் இடத்தில் நின்று துடித்தது.

போன் அடித்தது. பெண்ணின் அப்பா. “ஏனுங்க, மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரைக் காணோமுங்க. விசேஷம் நடக்குமுங்களா, நடக்காதுங்களா? சொல்லிப்போடுங்க, சமையலுக்குச் சொல்லியிருக்கறனுங்க.” அவர் சொல்லித்தான் தெரிந்தது, தங்கவேலின் அம்மா செத்தபோது கொள்ளி வைக்கிற விஷயத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியவர்கள். இந்தக் கல்யாணத்துக்காகத்தான் யாரோ நடுவில் நின்று சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

எழுதுகிற வசதியை நிறுத்திவிட்டு, குறிப்பு மட்டும் போடலாம் என்று மாற்றினேன். உடனே ஓரத்தில் அண்ணன் எழுதினார்: ‘தம்பி பேர் வேண்டாம்.’ அதற்குக் கீழே தம்பி: ‘அவருக்கு வேண்டாம்னா போடாதீங்க மேடம்.’ இரண்டு பேரும் எனக்குத்தான் எழுதுகிறார்கள், ஒருவருக்கொருவர் இல்லை. ‘நேரில் வந்து சொன்னால்தான் அடிப்பேன்’ என்று நான் பதில் போட்டேன்.

சாயங்காலம் வந்தார்கள். அண்ணன் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில், தம்பி வாசல் படியில் சாய்ந்து. கமால் பாய் டீ சொன்னார். யாரும் தொடவில்லை. நான் திரையை அண்ணன் பக்கம் திருப்பி, “தம்பி பேரு எங்கன வரணும்னு நீங்களே காட்டுங்க” என்றேன். அவருக்கு மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை. அம்புக்குறி திரை முழுக்க ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த தம்பி படியை விட்டு இறங்கி வந்தார். “தள்ளு, நான் பண்றேன்” என்று மவுஸை வாங்கினார். தன் பெயரைத் தானே அடித்து, அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு வைத்தார். வைத்துவிட்டு நிமிரவில்லை. தங்கவேல் திரையையே பார்த்தார். “ஏலே, கீழ எதுக்குடா? பக்கத்துலயே போடு.”

உயிரோடு வந்த கோடு

இது நெய்க்காரப்பட்டிக் குடும்பம். அப்பா ஆறுமுகம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் மகன்களிடம் சொல்லிவிட்டார். அவரிடம் மட்டும் ‘வயித்துப் புண்ணு, ஆறிடும்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெரிய மகன் எனக்குப் போன் செய்தார். “தப்பா நெனைக்காதீங்கக்கா. அந்த நேரத்துல ஒண்ணும் ஓடாது. மேட்டரை மட்டும் எழுதி வெச்சுடுங்க” என்றார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைப்புப் போட்டு, தேதிக்கு இடம் விட்டு, அவர் கொடுத்த படத்தையும் வைத்து, லிங்க் அனுப்பினேன். தம்பிக்கு மட்டும் அனுப்ப வேண்டிய லிங்கை அவர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். பார்த்ததும் அழித்துமிருக்கிறார். ஆனால் அதற்குள் ஒருவர் திறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து டாக்குமென்டைப் பார்க்கிறேன். ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே, ‘அமரர் ஆறுமுகம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஆறுமுகம்’ என்று ஒரு நீலக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கோடு மெதுவாக நகர்ந்தது. ஓர் எழுத்தை அழித்தது, வெகுநேரம் யோசித்தது, வேறோர் எழுத்தைப் போட்டது. அப்புறம் ‘அகால மரணம்’ என்பதில் ‘அகால’வை எடுத்தது.

பெரிய மகனைக் கூப்பிட்டேன். “அய்யோ, அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்கக்கா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் காலை முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு மனுஷன் படுத்த படுக்கையில் தன் சாவைப் படித்திருக்கிறார். அதை எழுதியது நான். நெஞ்சு நின்றுபோனால் யார் பொறுப்பு என்று கமால் பாயிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், மகன் போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். கோபப்படவில்லை, அழவில்லை. “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, தோப்பைப் பாக்கோணும்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் சொன்ன நாளெல்லாம் தாண்டி, அந்த வருஷத்துத் தைப்பொங்கலையும் தோப்பிலேயே பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த லிங்கைப் படித்த அன்றைக்கு மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், அவரே எனக்குப் போன் செய்தார். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். “அம்மிணி, இனிஷியல் தப்பா இருந்துச்சுங்க, சரி பண்ணிட்டனுங்க. படம் மட்டும் வேற ஒண்ணு வெச்சுக்குங்க. அதுல நான் இப்பவே செத்தவனாட்டத்தான் இருக்கறனுங்க.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது

டவுனில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தின் நிக்காஹ் பத்திரிகை. இரண்டு வீட்டிலும் சரி சொல்லிவிட்டார்கள். பிளேட் போட்டு, கீழே மெஷினில் ஏற்றியாகிவிட்டது. முருகேசன் அண்ணன்தான் மெஷின்மேன். தடதட என்று சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். நான் அந்த டாக்குமென்டை மூடப் போகிறேன், கண் முன்னாலேயே மஹாலின் பெயர் மாறுகிறது. பழைய பெயர் மறைந்து, நத்தம் ரோட்டில் இருக்கிற இன்னொரு மஹாலின் பெயர் அங்கே வந்து உட்காருகிறது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. “நிறுத்துங்கண்ணே! மெஷின நிறுத்துங்க!” அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். மெஷின் நின்றதும் வந்த அமைதியில்தான் அடுத்த பயம் பிடித்தது. எது சரி? பழையதா, புதியதா? கமால் பாய் பெண்ணின் அப்பாவுக்கு, அவர்கள் வழக்கில் அத்தாவுக்கு, போன் போட்டார். “மாத்தவே இல்லையே பாய், பழைய மஹால்தான், ஏன் கேக்குறீங்க?” என்றார் அவர். மாற்றியது மாப்பிள்ளையின் அண்ணன் என்று டாக்குமென்ட் காட்டியது. அவருக்குப் போன் போகவில்லை. யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று பெண்ணின் அத்தாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. “எங்களைக் கேக்காம மஹாலை மாத்துறாங்கன்னா, நாளைக்கு எம் பொண்ணை எப்படி வச்சுக்குவாங்க?” என்று ஸ்பீக்கரில் கத்தினார். கமால் பாய் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நேரே பழைய மஹாலுக்கே போன் செய்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அதே தேதிக்கு அந்த மஹாலில் வேறொருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில்தான் கண்டுபிடித்து, மாப்பிள்ளையின் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் உடனே ஓடிப்போய் வேறு மஹால் பிடித்துவிட்டு, வேலையாகக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வழியில் போன் போட்டால் போகவில்லை. டாக்குமென்டில் மாற்றிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று மலைப்பாதையில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியது அவர் போனுக்குள்ளேயே கிடந்து, சிக்னல் வந்த பிறகுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொந்தபந்தம் முழுக்க வேறொருவர் கல்யாணத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பெண்ணின் அத்தா கமால் பாயிடம் அழாத குறையாக நன்றி சொன்னார். முருகேசன் அண்ணன் மட்டும் மெஷினில் சாய்ந்துகொண்டு கையைத் துடைத்தார். “நல்லவேளை தாயி, இந்த மெஷினுக்கு நெட்டு கிடையாது. இருந்தா இதுவும் உள்ள புகுந்து எதையாச்சும் மாத்தியிருக்கும்.”

பெயரில்லாத நரி

லாகின் செய்யாமல் திறப்பவர்களுக்கு அந்த டாக்குமென்ட் தானாகவே ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். நந்தினியின் பத்திரிகையில் வந்தது நரி.

நந்தினி ஆயக்குடிப் பெண். திண்டுக்கல்லில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பிரிந்து, திண்டுக்கல்லில் தன் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். நந்தினியை வளர்த்தது அப்பாவின் அக்கா, அவளுக்கு அத்தை. பத்திரிகையில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயரும் வர வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். ‘கலைச்செல்வி’ என்று அவளே அடித்தாள். அடுத்த நாள் பார்த்தால் பெயர் இல்லை. மறுபடி அடித்தாள். மறுபடி இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த நரிதான் வந்து போயிருந்தது.

மூன்றாவது தடவை அவள் என் கடையிலேயே நின்றுகொண்டு அத்தைக்குப் போன் போட்டாள். “இத்தனை வருஷம் அம்மாவைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பியா? இப்ப பேரைக்கூட விட மாட்டியா?” அந்தப் பக்கம் அத்தை, எனக்கு அதைத் தொறக்கவே தெரியாது சாமி என்று அழுவது எனக்கே கேட்டது. இவள் நம்பவில்லை. “உன்னோட மூஞ்சியப் பாத்துட்டு நான் மணவறையில உக்கார மாட்டேன்” என்று வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா வந்தார். காட்டன் சேலை, கையில் பழைய போன். என் மேசைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “இதுல ஒரு பேரை எடுத்தா திரும்பத் திரும்ப வந்துருதும்மா. வராத மாதிரி எடுக்கறது எப்படி?”

போனை வாங்கிப் பார்த்தேன். நந்தினியே அனுப்பியிருந்த பத்திரிகை லிங்க். அவர்தான் நரி. அவர்தான் கலைச்செல்வி.

“அவரு பக்கத்துல எம் பேரைப் பாத்தா அந்த ஊருல நூறு பேச்சு பேசுவாங்க. அம்புட்டும் எம் பொண்ணு காதுலதான் விழும். அவ கல்யாணத்தன்னிக்கு எதுக்கு அவளுக்கு அது? நான் கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டு வந்துருவேன்” என்றார். அவளிடம் சொல்லக் கூடாது என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் ஓர் ஆரஞ்சுக் கோடு வந்தது. நந்தினி. ‘க’ வந்தது. ‘லை’ வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் முழுதாக வந்ததும் அந்த அம்மா தன் போனில் விரலை வைத்து அழித்தார். கண்ணில் நீர் வழிகிறது, விரல் அழித்துக்கொண்டே போகிறது. ஓரத்தில் ஒரு குறிப்பு வந்து விழுந்தது: ‘அத்தை, இன்னொரு தடவ எங்கம்மா பேரை எடுத்தா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். நீயே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிக்கோ.’

அதைப் படித்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. “அய்யோ, அவங்க மேலயா பழி போடுறா? எம் புள்ளையத் தூக்கி வளத்தவங்கம்மா அவங்க” என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போனப் போட்டுக் குடும்மா” என்றார். போட்டுக் கொடுத்தேன். “அது அத்தை இல்லடி. நான்தான்.” அவ்வளவுதான் சொன்னார். கட் செய்துவிட்டாளோ என்று அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் நந்தினி. திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் அத்தைக்குப் போன் போட்டாள். “மன்னிச்சிருத்தே, நான் பேசுனது தப்பு” என்றாள். அந்தப் பக்கம் அத்தை ஏதோ கேட்க, “ஆமா, அம்மாதான். இங்கனதான் இருக்கு” என்றாள். போனை அம்மாவிடம் நீட்டினாள். இரண்டு பெண்களும் என்ன பேசினார்களோ, அம்மா “சரிங்க அண்ணி, வாரேனுங்க” என்று முடித்தார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்த ‘அண்ணி’ என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நந்தினி என் கீபோர்டை இழுத்துக்கொண்டு ‘கலைச்செல்வி’ என்று அடித்தாள். பழக்கதோஷத்தில் அம்மாவின் கை போனுக்குப் போனது. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எடும்மா, எடுத்துக்கிட்டே இரு. நானும் போட்டுக்கிட்டே இருக்கேன். உனக்கு எம்புட்டு நேரம் இருக்கோ, எனக்கும் அம்புட்டு நேரம் இருக்கு.”

இப்போதெல்லாம் யாராவது வந்து “ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான்க்கா, லிங்க் மட்டும் அனுப்புங்க” என்றால், நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் அனுப்புகிறேன்.